பயிற்றுநர் பயிலும் பள்ளி

செஞ்சிக் கோட்டையைக் காண வரும் மாணவர்கள் பெரும்பாலும் ராஜகிரியின் உச்சியை நோக்கியே நடையைக் கட்டுவார்கள். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள அம்மலைமேல் நின்று, எதிரே கிருஷ்ணகிரியையும் சந்திராயன் துர்க்கத்தையும் பார்ப்பதில் ஒரு பெருமிதம் உண்டுதான். ஆனால் அடிவாரக் கோட்டைக்குள்ளே, கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்து வரும்போது, உடற்பயிற்சிக் கூடம் என்று காட்டப்படும் பழைய கட்டடம் ஒன்றும் இருக்கிறது. அதன்முன் நின்று பார்ப்பவர் மிகச் சிலர்.

சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியது 1677 இல். பல்லாண்டு முற்றுகைக்குப் பின் மொகலாயப் படை இதைப் பிடித்தது 1698 இல். தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் மாண்டது 1714 இல். உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ இதைச் சேர்த்துக்கொண்டது 2025 இல். இந்த ஆண்டுகளையெல்லாம் ஒப்பிக்கும் நாம், இம்மலைப்படிகளில் கவசமும் வாளும் சுமந்து ஏறிய வீரனின் உடலை ஆயத்தம் செய்தவர் யார் என்று கேட்பதே இல்லை. அவருக்குக் கற்பித்தவர் யார், கற்றதை அவர் எப்படிப் புதுப்பித்துக்கொண்டார் என்ற கேள்விகள் நமக்கு இன்னும் தொலைவு. மாணவ நண்பர்களே, இந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். காரணம் இல்லாமல் அல்ல.

1986 ஆம் ஆண்டு, சித்திரை மாதம். நான் அப்போது இப்பகுதியில் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் கண்டிப்பானவர். ஆனால் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். மாவட்டப் போட்டிக்காக மாணவர்களை மலைப்படிகளில் ஏறி இறங்கச் செய்வார். பயிற்சி முடியும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அவருடைய விதி. தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், மூச்சு வாங்கும், மன உறுதி தளரும் என்பார். அன்று காலை ஒன்பதரை மணிக்குச் செட்டிக்குளத்தின் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தள்ளாடினான், பொருளற்ற சொற்களைப் பேசினான், விழுந்துவிட்டான். உடல் அனலாய்க் கொதித்தது. வழியே வந்த ஒரு மூதாட்டி, யாரையும் கேட்காமல், தம் குடத்து நீர் முழுவதையும் அவன்மேல் ஊற்றினார். பையன் பிழைத்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அவன் விளையாட்டுப் பக்கம் வரவில்லை.

அந்த ஆசிரியர் கொடுமைக்காரர் அல்லர் என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். அவர் செய்தது, தம் இருபத்திரண்டாம் வயதில் தமக்குக் கற்பிக்கப்பட்டதை. பயிற்சியின்போது நீர் தரலாகாது என்பது அக்காலத்தில் உலகின் பல நாடுகளில் பயிற்றுநர்கள் நம்பிய ஒன்றே. அவர் சான்றிதழ் பெற்று முப்பதாண்டு ஆகியிருந்தது. அந்த முப்பதாண்டில் உடலியல் நெடுந்தூரம் நடந்துவிட்டது. அவரிடம் அதை வந்து சொல்வார் ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியாது. படித்த எங்களுக்குத் தெரியாததை அம்மூதாட்டியின் கை அறிந்திருந்தது. உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, அறிவு தடுமாறினால், முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், அதன் பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ நூல்களும் சொல்லும் முறை. வெயிலில் கடினமாக உழைக்க உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும், அதுவரை வேலையைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

நம் நாட்டில் உடற்பயிற்சி ஆசிரியரை முறைப்படி ஆயத்தம் செய்யும் வேலை தொடங்கியது சென்னையில். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1919 இல் இங்கு வந்தார். ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் ஸ்பிரிங்பீல்டு நகரில் நடத்திய கல்லூரியில் பயின்றவர் அவர். கூடைப்பந்தாட்டம் 1891 இல் பிறந்ததும் அக்கல்லூரியில்தான். 1920 இல் அவர் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியே ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று போற்றப்படுகிறது. இன்றும் நந்தனத்தில் நடைபெற்று வருகிறது. 1924 இல் பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராகவும் இருந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. தம் கல்லூரியிலிருந்து ‘வியாயாம்’ என்ற இதழையும் அவர் வெளிக்கொணர்ந்தார். பட்டம் பெற்று ஊர் ஊராகப் பிரிந்து போன ஆசிரியர், அஞ்சலில் வரும் ஓர் இதழின் வழியாகத் தம் தொழிலோடு உறவு கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். செஞ்சி போன்ற ஊரில் தனியாக வேலை பார்ப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

பின்னர் 1961 இல் பாட்டியாலாவில், பழைய மோதிபாக் அரண்மனையில், தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மன்னர்கள் வாழ்ந்த மாளிகை பயிற்றுநர்களின் பள்ளிக்கூடமாயிற்று. ஓராண்டுப் பட்டய வகுப்போடு, வேலையிலிருப்பவர்கள் வந்து போவதற்கேற்ற ஆறு வாரச் சான்றிதழ் வகுப்பும் அங்கு உண்டு.

இக்காலத்தில் வலிமைப் பயிற்றுநர் என்றொரு தனித்தொழிலே வளர்ந்திருக்கிறது. பந்தை எறியவும் அடிக்கவும் கற்பிப்பவர் ஒருவர்; அவ்வாட்டத்தைத் தாங்கும் தசையையும் மூட்டையும் மூச்சையும் ஆயத்தம் செய்பவர் மற்றொருவர். பின்னவரே வலிமைப் பயிற்றுநர். அமெரிக்காவில் நெபிராஸ்கா பல்கலைக்கழகம் 1969 இல் பாய்டு எப்லி என்ற இளைஞரை இவ்வேலைக்கென்றே அமர்த்தியது. பளு தூக்கினால் தசை இறுகி ஆட்டக்காரர் மந்தமாகிவிடுவர் என்பது அக்காலத்து நம்பிக்கை. எவனாவது ஒருவனின் ஓட்டம் மந்தப்பட்டாலும் உன் வேலை போய்விடும் என்று தலைமைப் பயிற்றுநர் அவரை எச்சரித்தாராம். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்த அணி தேசிய வெற்றி பெற்றது. 1978 இல் எப்லியின் முயற்சியால் இத்தொழிலினர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1985 முதல் தகுதித் தேர்வும் நடக்கிறது. அத்தேர்வில் தேறியவர் ஆயுள் முழுவதும் அச்சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்க இயலாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இன்னின்ன வகுப்புக்குச் சென்றேன், இன்னின்ன கற்றேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். மூச்சும் நாடித்துடிப்பும் நின்றவரை மீட்கும் முதலுதவிப் பயிற்சியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆசிரியத் தொழிலில் நாற்பதாண்டு கழித்த எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் சிறிது பொறாமையே உண்டு. நாங்களும் பணியிடைப் பயிற்சிக்குப் போனதுண்டு; வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, தேநீர் அருந்தி, திரும்பி வந்த நாட்களும் அவற்றுள் உண்டு.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2011 இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் உடல்திறப் பயிற்றுநர் ராம்ஜி ஸ்ரீனிவாசன் சென்னையைச் சேர்ந்தவர். 2015 முதல் 2019 வரை அவ்வணியின் உடல்திறத்தைக் கவனித்த பாசு சங்கரும் சென்னைக்காரரே.

கற்றது எவ்வாறு பழையதாகிறது என்பதற்குச் சில சான்றுகள் காட்டுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது, ஓட்டத்துக்கு முன்னே காலை நீட்டி, விரலைத் தொட்டுக்கொண்டு, நெடுநேரம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அவ்வாறு இழுத்துப் பிடித்தால் அதன் ஆற்றல் சிறிது நேரம் குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகையால் இப்போது மெல்லோட்டமும் கைகால் வீச்சும் கொண்டே உடலைச் சூடேற்றுகிறார்கள். பிள்ளைகள் பளு தூக்கினால் வளர்ச்சி குன்றும் என்பார்கள். தகுந்த மேற்பார்வையில், அளவறிந்து செய்தால் குன்றாது என்பதே இன்றைய முடிவு. மேற்பார்வையின்றிச் செய்தால் காயம் நேரும் என்பதும் அதே முடிவின் பகுதி.

பஸ்கியின் கதை இன்னும் சுவையானது. 1961 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் என்பவர், முழங்காலை முழுவதும் மடக்கி எழுவது மூட்டின் இணைப்புத் தசைநார்களைத் தளர்த்திவிடும் என்று எழுதினார். அக்கருத்து உலகெங்கும் பரவியது. நம் நாட்டு மல்லர்களோ தலைமுறை தலைமுறையாகப் பஸ்கி போட்டு வந்தவர்கள்! பின்வந்த ஆய்வுகள், நலமான முழங்காலுக்கு இதனால் கேடில்லை என்று கண்டன. ஆயினும் நம் முன்னோர் செய்ததெல்லாம் சரி என்று உடனே கைதட்டிவிட வேண்டாம். தண்ணீரைத் தடுத்ததும் நம்மவர்தாம். முன்பே நோயுற்ற முழங்காலுக்கு ஆயிரம் பஸ்கியை விதிப்பது இன்றும் தவறுதான். அயல்நாட்டு நூலில் இருக்கிறது என்பதும், எங்கள் குரு சொன்னார் என்பதும் பயிற்றுநருக்குப் போதிய விடைகள் அல்ல.

தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொண்டவர் ஒருவரும் இருக்கிறார். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர், போரில் முழங்கால் அடிபட்ட வீரர்களுக்குப் பளுவைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி தந்தார். 1945 இல் அம்முறையை வெளியிட்டபோது, ஒவ்வொன்றும் பத்து முறை கொண்ட ஏழு முதல் பத்துச் சுற்றுகள் வேண்டும் என்று எழுதினார். தொடர்ந்து நோயாளிகளைக் கவனித்ததில் அது மிகை என்று கண்டார். 1948 இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து, மூன்று சுற்றுகள் போதும் என்று வெளிப்படையாக எழுதினார். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று ‘பத்துப் பத்தாக மூன்று’ என்று சொல்கிறார்களே, அது அந்தத் திருத்தத்தின் வழிவந்த வழக்கே.

ஊரில் தனியாக இருக்கும் பயிற்றுநர் இப்படித் தம்மைத் திருத்திக்கொள்வது எவ்வாறு? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து குறித்துக்கொள்வர். பிறகு முகத்துக்கு நேரே குறைகளைச் சொல்வர். காதுகள் சுடும், ஆனால் அடுத்த பாடம் திருந்தியிருக்கும். பயிற்றுநர்களுக்கு இதைவிடச் செலவு குறைந்த பள்ளி இல்லை. அடுத்த ஊரில் இருப்பவரை அழைத்து, தம் வகுப்பைப் பார்க்கச் சொல்லலாம். அவர் வகுப்பைத் தாம் பார்க்கலாம். கூட ஒரு குறிப்பேடும் வேண்டும்.

இங்கே செஞ்சியில் என் பழைய மாணவர் ஒருவர், காவலர் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களை விடியற்காலையில் பயிற்றி வருகிறார். ஆடவர் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டிய தேர்வு அது. சென்ற மாதம் அவர் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார். முதற்பக்கத்தில், “மலைப்படி ஓட்டம், வாரம் ஆறு நாள்” என்று எழுதியிருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்து, “இரண்டு நாள்” என்று மாற்றி, தேதியும், கால் எலும்பில் வலி கண்ட மூவரைப் பற்றிய குறிப்பும் எழுதியிருந்தார்.

“இறங்கும்போதுதான் ஐயா அதிகம் வலிக்கிறதாம். ஏறுவதை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்” என்றார்.

அவர் குழுவில் இவ்வாண்டு பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பளுவை எந்த அளவில் தொடங்குவது என்பதில் அவருக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்று, பெண் வீராங்கனைகளைப் பயிற்றும் ஒருவரின் வகுப்பில் பத்து நாள் பின்வரிசையில் நின்று பார்த்து வரப் போவதாகச் சொன்னார்.