ஆங்கில முற்றுவடிவங்களும் தமிழ் 'இரு' துணைவினையும்

ஆய்வேட்டின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் வரைவோர் பலர், 'எழுதியிருக்கிறார்' என்பதற்கு 'ஹேஸ் ரிட்டன்' எனவும், 'எழுதியிருந்தார்' என்பதற்கு 'ஹேட் ரிட்டன்' எனவும் நேருக்கு நேர் பெயர்த்துவிடுகின்றனர். இரு மொழியிலும் முதல்வினையோடு துணைவினை கூடி நிற்றலின் இம்மயக்கம் இயல்பே. ஆயின், தமிழ்த் துணைவினை இருத்தற் பொருளது. ஆங்கிலத் துணைவினை உடைமைப் பொருளினின்று தோன்றியது. இரண்டன் ஆட்சியும் ஒன்றன்று.

ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் வெளியிட்ட அளவை நூலில், வினை நிகழ்ந்த காலம், கூறுவோன் காலம் என்பவற்றோடு நோக்குநிலைக் காலம் என மூன்றாவதொன்றையும் கொண்டார். 'ஹேஸ்' வருமிடத்து நோக்குநிலை கூறுவோன் காலமே; 'ஹேட்' வருமிடத்து அந்நோக்குநிலையே இறந்தகாலத்தது, வினையோ அதற்கும் முற்பட்டது.

'உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திருக்கிறார்' என்பது தமிழில் வழுவற்ற தொடர். பதிப்பு இன்றும் சான்றாக உளது என்பதே அதன் கருத்து. ஆண்டு வருதற்குத் தடையில்லை. ஆங்கிலத்திலோ 1887உம் 'ஹேஸ்' என்பதும் ஒருங்கு நில்லா. ஆண்டை நீக்கினாலும் இடர் முற்றும் நீங்காது. மறைந்தவரை எழுவாயாக்கி அவர்தம் வாழ்க்கைச் செயலைக் கூறுங்கால் 'ஹேஸ்' பெரும்பாலும் பொருந்துவதில்லை. தனி இறந்தகாலமே தகும். ஆனால் நூலையே எழுவாயாக்கி, 'சிந்தாமணி பலமுறை பதிப்பிக்கப்பட்டிருக்கிறது' எனின் 'ஹேஸ்' இனிது பொருந்தும். நூல் இன்றும் உளதன்றோ!

'ஹேட்' ஆண்டை ஏற்கும். சிந்தாமணி வெளிவந்தபோது சி. வை. தாமோதரம் பிள்ளை வீரசோழியத்தை 1881இலேயே பதிப்பித்திருந்தார். ஈண்டு 'ஹேட்' முறையே. ஆயின் 'நேற்று விழாவிற்குத் துணைவேந்தர் வந்திருந்தார்' என்பதில் பிற்பட்ட நிகழ்ச்சி யாதும் இல்லை. வந்து உடனிருந்தார் என்பதே பொருள். அதனை 'ஹேட் கம்' எனப் பெயர்ப்பின், ஆங்கிலம் அறிந்தோன் 'எதற்கு முன்?' என வினவுவான். நம்மவர் ஆங்கிலத்தில் மிகப் பரவிய வழு இதுவே.

உரையாசிரியர் காலமுறை கூறுமிடத்து இவ்வழு கருத்தையே சிதைக்கும். 'நச்சினார்க்கினியர் உரை வரைந்தபோது இளம்பூரணர் உரை தோன்றியிருந்தது' என்பதில் முன்னவர்க்குத் தனி இறந்தகாலமும் பின்னதற்கு 'ஹேட்' முற்றும் வேண்டும். இரண்டிற்கும் 'ஹேட்' இடின் எவ்வுரை முந்தியது என்பது வினைவடிவால் புலப்படாது. நிகழ்ந்த முறையே நிரல்படக் கூறி, 'பின்னர்' என்னுஞ் சொல்லும் இடப்பெறின், 'ஹேட்' வேண்டுவதே இல்லை.