தொகுப்பியும் இணையப் பிரயோகங்களின் வேகமும்

இணையப் பக்கமொன்று கையடக்கத் தொலைபேசியில் மெதுவாகத் திறக்கும்பொழுது, கருவியின் குறைபாடே அதற்குக் காரணம் என நாம் கருதிவிடுகிறோம். இக்கருத்து முற்றிலும் சரியானதன்று. பக்கத்தைத் திரையிற் காட்டுவதற்கு வேண்டிய வேலை எங்கே, எப்பொழுது, எத்தனை முறை செய்யப்படுகின்றது என்பதே அடிப்படை வினாவாகும். தொகுப்பி எனப்படும் மென்பொருள் இவ்வினாவுக்கு அளிக்கும் விடையினை இங்கு நோக்குவோம்.

மனிதர் எழுதும் செய்நிரலை முன்கூட்டியே ஆராய்ந்து, இயக்குவதற்கு ஏற்ற வேறொரு வடிவிற்கு மாற்றித் தருவதே தொகுப்பி. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட போர்ட்ரான் தொகுப்பி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ற் மொழியோ வேறு வழியிற் சென்றது. அதன் மூலநிரல் வாசகரின் கருவிக்கே அனுப்பப்பட்டது. அதனைப் படித்து, பகுத்து, இயக்கும் பொறுப்பு மேலோடியின்மேல் விழுந்தது. இன்றைய மேலோடிகள் இயங்கும்பொழுதே தொகுக்கும் ஆற்றல் பெற்றிருப்பினும், அவ்வேலையும் வாசகரின் கருவியிலேயே நிகழ்கின்றது.

2013இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட றியாக்ற் இச்சுமைக்கு இன்னொன்றைச் சேர்த்தது. செய்திப் பக்கமொன்றில் வாசகர் தொகையைக் காட்டும் எண் மாறுகின்றது எனக் கொள்வோம். றியாக்ற் அவ்வெண் இடம்பெறும் கூறினையும் அதன் உட்கூறுகளையும் பற்றிய விவரணத்தைப் புதிதாக ஆக்கி, பழைய விவரணத்துடன் ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மட்டும் திரையில் மாற்றும். எழுதுவோருக்கு இது பெருவசதி. ஆயின் ஒப்பீட்டின் செலவு வாசகரின் கருவிக்குரியது.

2016இல் றிச் ஹாரிஸ் வெளியிட்ட ஸ்வெல்ற் இந்நிலையை மறுபரிசீலனை செய்தது. எந்த மாறி திரையின் எந்த இடத்தைப் பாதிக்கும் என்பதனை நிரலைப் படித்தே பெரும்பாலும் அறியலாம். ஆகவே அதன் தொகுப்பி, அவ்வெண்ணை மட்டும் நேரே மாற்றும் கட்டளையை முன்னதாகவே ஆக்கி வைத்தது. ஒப்பிடும் தேவை ஒழிந்தது. இதற்கு முன்னரே, 2009இல் கூகிள் பொதுவில் வெளியிட்ட குளோசர் தொகுப்பி, பயன்படாத பகுதிகளை நீக்கி, நீண்ட பெயர்களைச் சுருக்கி, அனுப்பும் நிரலின் அளவைக் குறைத்திருந்தது. 2025இல் றியாக்ற்றும் தனக்கெனத் தொகுப்பியொன்றின் முதலாம் பதிப்பை வெளியிட்டது. மாறாதவற்றை மீண்டும் கணிக்காது நினைவிற் கொள்ளும் ஏற்பாட்டை அது தானே நிரலிற் புகுத்துகின்றது.

இம்மாற்றத்தின் சாரம் யாது? பொறியின் இயக்கத்தை மனித உழைப்புடன் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் அவ்வியக்கத்துக்குச் செலவுண்டு. அதனை யாரோ ஏற்கவேண்டும். ஆக்குவோரின் கணினியில் ஒருமுறை செய்து முடிக்கத்தக்க வேலை, பல இலட்சம் கருவிகளில் மீண்டும் மீண்டும் செய்யப்படுகையில், அச்செலவு மின்கலமாகவும் தரவுக் கட்டணமாகவும் காத்திருக்கும் நேரமாகவும் வாசகர்மேற் சுமத்தப்படுகின்றது. விலையுயர்ந்த கருவியுடையோர் அதனை உணர்வதில்லை. மலிவான கருவியுடையோரே அதனை முழுமையாக அனுபவிக்கின்றனர். நிறுவனத்தின் கணக்கேட்டிலோ அது இடம்பெறுவதில்லை.

எனினும், தொகுப்பியைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளல் தவறு. கூறுகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் ஆக்கப்படும் நிரலும் பெருகும். 2024இல் வெளியான ஸ்வெல்ற்றின் ஐந்தாம் பதிப்பு, எது எதனைச் சார்ந்துள்ளது என்பதனை இயங்கும் நேரத்திலும் பின்தொடரும் முறைக்கு மாறியமை, முன்கூட்டிய ஆய்வுக்கும் எல்லையுண்டு என்பதையே காட்டுகின்றது. மேலும், பயன்படாத நிரலைத் தொகுப்பி நீக்கும்; விளம்பரத்துக்காகவும் வாசகரை வேவு பார்ப்பதற்காகவும் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நிரலை அது நீக்காது. அதன் நோக்கிற் பின்னையதும் பயன்படும் நிரலே. யாருக்குப் பயன்படுவது என்ற வினாவைத் தொகுப்பி எழுப்புவதில்லை. அதனை எழுப்பவேண்டியோர் நாமே.