சேர்ந்த மைல்களை எங்கே செலவழிப்பது?

போன மாதம் கிரிஸ்ஃபிளையர் கணக்கைத் திறந்தேன். 1,46,000 மைல் இருந்தது. அதில் 41,000 வருகிற மார்ச்சில் காலாவதி. பத்து வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊருக்குப் போய்வந்தது, ஆபீஸ் பயணம், மளிகையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை கார்டில் தேய்த்தது எல்லாம் சேர்ந்து இவ்வளவு. மனைவிக்கு ஜப்பான் போகணும், அதுவும் ஒருமுறையாவது படுத்துக்கொண்டே போகிற சீட்டில். எனக்கோ அம்மாவை ஒரு மாதம் இங்கே அழைத்துவர ஆசை. மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோசித்ததன் குறிப்புகள் இவை.

முதலில், மைல் என்பது என்ன? சேமிப்பு மாதிரித் தெரியும், ஆனால் சேமிப்பு இல்லை. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. சில நாளிலேயே யுனைடெட் பின்தொடர்ந்தது. அப்போது அது வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கிற ஒரு தந்திரம், அவ்வளவுதான். இன்று வங்கிகள் மைல்களை மொத்தமாக விலைகொடுத்து வாங்கி நமக்குக் கொடுக்கின்றன. 2020-ல் கொரோனா நேரத்தில் யுனைடெட் தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்துப் பல நூறு கோடி டாலர் கடன் வாங்கியது. ஆக இது ஒரு நாணயம். அச்சடிப்பதும் அவர்கள்தான், அதற்கு என்ன கிடைக்கும் என்று தீர்மானிப்பதும் அவர்கள்தான். டெல்டா 2015-லும் யுனைடெட் 2019-லும் இத்தனை மைலுக்கு இந்த ஊர் என்கிற அட்டவணையையே எடுத்துவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அட்டவணையை வைத்திருக்கிறது, ஆனால் 2019-லும் 2022-லும் விலையை ஏற்றியது. வட்டி கிடையாது, விலைவாசி மட்டும் ஏறும். அதனால் "சேரட்டும், சேரட்டும்" என்று விட்டுவைப்பது நஷ்டம்.

காலாவதி விஷயத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒருவிதம். டெல்டாவிலும் யுனைடெட்டிலும் மைல் காலாவதி ஆவதில்லை. அமெரிக்கனில் இரண்டு வருடத்துக்குள் கணக்கில் ஏதாவது அசைவு இருந்தால் போதும். கிரிஸ்ஃபிளையரில் அந்தச் சலுகை கிடையாது. சம்பாதித்த மாதத்திலிருந்து மூன்று வருடம், அவ்வளவுதான். (கட்டணம் கட்டி ஆறு மாதம் நீட்டிக்கலாம்.) ஒரு நல்ல செய்தி: காலாவதிக்கு முன் டிக்கெட் எடுத்தால் போதும், பயணம் பிறகு இருக்கலாம். வங்கிப் புள்ளிகளை உடனே மைலாக மாற்றாமல் வங்கியிலேயே வைத்திருப்பதும் நல்லது, மாற்றிய நாளில்தான் மூன்று வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆனால் மாற்ற சில நாள் ஆகும். இது பின்னால் முக்கியமாகப்போகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லோரும் சொல்கிற சூத்திரம் சுலபம். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைலில் எடுத்தாலும் கட்டவேண்டிய விமானநிலைய வரிகளைக் கழித்து, மைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலுக்கு எத்தனை காசு என்று வரும். புரிவதற்காக உருண்டை எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். சென்னைக்குப் போய்வர எகானமி 650 வெள்ளி, மைலில் 40,000, வரி 130. ஒரு மைலுக்கு 1.3 காசு. அதே வழியில் பிசினஸ் கிளாஸ் 2,200 வெள்ளி, மைலில் 86,000. ஒரு மைலுக்கு 2.4 காசு. உடனே "பிசினஸ்தான் லாபம்" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இங்கேதான் ஏமாறுகிறோம். நான் என் கைக்காசு 2,200 கொடுத்து நாலு மணி நேரத்துக்கு அந்தச் சீட்டில் உட்காருவேனா? ஜென்மத்தில் மாட்டேன். ரொம்பத் தாராளமாக யோசித்தாலும் ஆயிரம் வெள்ளி. அந்த ஆயிரத்தை வைத்து வகுத்தால் ஒரு மைலுக்கு ஒரு காசுதான், எகானமியைவிடக் குறைவு. கடை விலையை வைத்து வகுக்கக்கூடாது, நீங்கள் மனசறிந்து கொடுக்கத் தயாராக இருக்கும் விலையை வைத்து வகுக்கணும். எல்லாருக்கும் ஒரே விடை வராது என்பதும் இதனால்தான்.

எகானமியே தீபாவளி சமயத்தில் எப்படி மாறுகிறது பாருங்கள். ரொக்க விலை 1,200-க்கு ஏறிவிடுகிறது, நமக்குப் போயே ஆகணும். சேவர் டிக்கெட்டின் மைல் விலை மாறாது. ஒரு மைலுக்கு 2.7 காசு! ஆனால் சேவர் சீட் நாலைந்துதான் விடுவார்கள், அதுவும் பறந்துவிடும். 355 நாள் முன்னாடியே முன்பதிவு திறக்கிறது. அடுத்த வருடத் தீபாவளி என்றைக்கு என்று இந்த வருடத் தீபாவளிப் பலகாரம் தீருமுன் பார்த்துவைப்பவர்களுக்கே அது கிடைக்கும். மற்றவர்களுக்கு அட்வான்டேஜ் டிக்கெட். அதில் இடம் தாராளம், மைல் அதிகம்.

இனி அம்மா. சூத்திரப்படி பார்த்தால் பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து மைலில் எடுப்பது பிரமாதம். போனில் சொன்னேன். அம்மா கேட்ட ஒரே கேள்வி: "ஏன்டா தம்பி, திருச்சியிலிருந்து ஃபிளைட் இல்லையா?" இருக்கிறது. ஸ்கூட் நேராகப் பறக்கிறது, ரொக்க விலையும் குறைவு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திருச்சிக்குப் போவதில்லை. மைலுக்கு 2.7 காசு கிடைக்கிறது என்பதற்காக, முழங்கால் வலியோடு இருக்கிறவரை 320 கிலோமீட்டர் காரில் சென்னைக்கு உட்காரவைத்துக் கூட்டிவரப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஸ்கூட்டில் ரொக்கம் கொடுத்து எடுத்தாயிற்று, வீல்சேரும் சொல்லியாயிற்று.

மூன்றாவது காரணம் இது. 2018-ல் என்னிடம் 35,000 மைல் இருந்தது. காலாவதி பயத்தில் மொத்தத்தையும் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். பொருள் வாங்குவதில் மைலுக்கு ஒரு காசுகூடத் தேறாது, அது தெரிந்தேதான் செய்தேன். அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அப்பா போய்விட்டார். காலை விமானத்துக்கு ஒருவழி டிக்கெட் என்ன விலை என்று பார்க்கக்கூட இல்லை, கார்டைக் கொடுத்தேன். மாதக் கடைசி. மனைவியையும் பிள்ளையையும் அதே விமானத்தில் அழைத்துப்போகக் கார்டில் இடம் இல்லை. அவர்கள் மறுநாள்தான் வந்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு.

அந்த 35,000 இருந்திருந்தால் மனைவிக்காவது ஒரு டிக்கெட் கிடைத்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பயன் எந்தச் சூத்திரத்திலும் வராது. "அவசரத்துக்குப் பணத்தையே ஒதுக்கிவைக்கலாமே, அது காலாவதி ஆகாதே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பணம்தான் மேல். இப்போது அதையும் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் மைலை நல்ல விலைக்குப் பணமாக்க முடியாது. இருக்கிற மைலில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதால் பெரிதாக இழப்பும் இல்லை. அந்தப் பங்கு மைலாகவே இருக்கணும். வங்கிப் புள்ளியாக இருந்தால் மாற்றி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் சேவர் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, அட்வான்டேஜ் விலையில் ஒரு ஆளுக்கு ஒருவழி போகிற அளவுக்காவது. நியமித்த ஐந்து பேருக்கு நம் மைலில் டிக்கெட் எடுக்கலாம். மனைவி, பிள்ளை பெயர்களை முன்பே சேர்த்துவைத்துவிடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருக்க முடியாது.

40,000 ஒதுக்கினால் மீதி 1,06,000. மைல் டிக்கெட்டை ஒருவழியாகவே எடுக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. டோக்கியோவுக்கு ஏழு மணி நேரம், இரவு விமானமும் உண்டு. படுக்கை சீட்டுக்கு அர்த்தம் இருக்கிறது என்றால் அந்த இரவில்தான். போகும்போது இரண்டு பேரும் பிசினஸ், தலைக்கு 50,000 சுற்றி. வரும்போது பகலில், மலிவான எகானமியில் ரொக்கத்துக்கு. மார்ச்சில் காலாவதியாகிற 41,000 முதலில் கழிந்துவிடும், பழைய மைல்தான் முதலில் போகும். வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஆடம்பரம் செய்ய மாட்டேன், பத்து வருடத்துக்கு ஒரு முறை செய்யலாம். "ஒரு சீட்டுக்கு எத்தனை காசுன்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி.

ஒரு சேவர் சீட் உறுதியாகிவிட்டது. இன்னொன்று காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் யார் முன்னால் படுத்துக்கொண்டு வருவது, யார் பின்னால் எகானமியில் உட்கார்ந்து வருவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை.