விளம்பரத்துத் தோப்பு யார் பெயரில்?

லஸ் முனையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கும் வேனில் ஏறி, செங்கற்பட்டுப் பக்கம் மனை பார்த்துவிட்டு, இலவசச் சாப்பாடும் உண்டு திரும்பிய என் அண்டை வீட்டுப் பெரியவர், அன்று மாலையே ஒரு வழவழப்பான வர்ணப் படத்தை என் முன் விரித்தார். கிழக்கே மாந்தோப்பு, மேற்கே பனைவரிசை, அதற்கப்பால் ஏரி. நடுவில் சதுரங்கக் கட்டங்களைப் போல நம்பரிட்ட மனைகள்.

"மொட்டை மாடியில நின்னா ஏரி வரைக்கும் தெரியுமாம்ப்பா" என்றார்.

"தோப்பு யார் பேர்ல இருக்கு, மாமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 1920-களில் அந்தப் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை வகுத்தவர்கள், நடுவே பனகல் பூங்காவுக்காவது இடம் விட்டார்கள். இன்றைய மனைப்பிரிவுகளில் அப்படி இடம் விடுவது தர்மசிந்தனையைப் பொறுத்ததன்று, சட்டத்தின் நிர்ப்பந்தம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். பணம் கட்டித் தப்ப வழியில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையென்றால் நிலத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைச் செலுத்திவிடலாம். அதற்கும் கீழே ஒன்றும் தர வேண்டியதில்லை. ஒரே தோப்பு 'பேஸ் ஒன்று', 'பேஸ் இரண்டு' என்று இரண்டேகால் ஏக்கர் துண்டுகளாக விற்பனைக்கு வருமானால், வாங்குபவர் இந்த எல்லைக்கோட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்து ஏக்கர் லேஅவுட் ஒன்றில் சாலைகளுக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால், பொதுவெளியாக மிஞ்சுவது 37½ சென்ட், நம் கணக்கில் ஏழு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. விதி அளவைச் சொல்கிறதேயொழிய, அந்த ஏழு கிரவுண்டில் மாமரங்கள் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை; இடத்தை நிர்ணயிப்பது திட்ட அதிகாரியின் பொறுப்பு. அமெரிக்கத் திட்ட நிபுணர் ரண்டல் ஆரென்ட் 1990-களில் பிரசித்தப்படுத்திய முறை இதற்கு நேர்மாறானது: காக்க வேண்டிய மரக்கூட்டத்தையும் நீர்வழியையும் காட்சியையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகு வீடுகளுக்கு இடம் பார்த்து, அவற்றை இணைக்கப் பாதை வகுத்து, மனைக்கோட்டைக் கடைசியில் போடுவது. மனை சற்றுச் சிறுக்கும். எண்ணிக்கை குறைய வேண்டியதில்லை. நம் ஊரில் கோடு முதலில் விழுகிறது, கோடரி பின்னால் வருகிறது. பனைக்கு மட்டும் சிறிது ஆதரவு உண்டு: அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என 2021-இல் தமிழக அரசு அறிவித்தது.

காட்சியைப் பற்றி ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தவருடைய பட்டா நிலத்தின் குறுக்கே தெரியும் ஏரியை நாற்பது வருஷம் பார்த்து அனுபவித்தாலும், அது நமக்குப் பாத்தியதை ஆகிவிடாது. அவர் நாளை மூன்று மாடி எழுப்பினால் ஏரி அவர் ஜன்னலுக்குப் போய்விடும். அந்தக் காட்சிக்கென்று சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பது என் அபிப்பிராயத்தில் வீண்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, எட்டு மனைகளுக்கும் அதிகமான திட்டமானால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யலாகாது என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்த ஒப்பந்தமின்றி 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்பதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு ஈடும், விலகிக்கொள்ள விரும்பினால் வட்டியுடன் பணமும் 12-ஆம் பிரிவின்படி கிடைக்கும். ஆதலால் அந்த வர்ணத்தாளைத் தேதி குறித்துப் பத்திரப்படுத்துங்கள். மனைதாரர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலமான சம்மதமின்றி, அங்கீகரித்த வரைபடத்தையும் பொது இடத்தையும் மாற்றலாகாது என்கிறது 14-ஆம் பிரிவு. மீறினால் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உயர் நீதிமன்றத்தின் வாயிலும் திறந்தேயிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, அக்கம்பக்கத்தாரின் வழக்கின்மேல் செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

இவையெல்லாம் பிந்திய பரிகாரங்கள். முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் மனையின் சர்வே எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்துத் திருப்தியடைகிறோம். பூங்காவின் சர்வே எண்ணுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதிலே தெரிந்துவிடும். பட்டாவும் ஊராட்சியின் பெயருக்கு மாறியிருக்க வேண்டும்.

பெரியவர் அப்படியே செய்தார். தோப்பின் எண்ணுக்கு நேரே தானம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் பதிவான ஓர் அடமானம் இருந்தது. அந்த வழவழப்பான படம் இப்போது அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில் விரிப்பாகக் கிடக்கிறது. மாந்தோப்பின் மேல் ஊறுகாய் ஜாடி.