நிற்காமல் அடித்த அழைப்பு மணி!

மெதுவாக ‘ஒன்று’ என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அப்பாவின் உடம்பில் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறந்துவிட்டன!

ஏன் இத்தனை அவசரம் என்கிறீர்களா? ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குப் பத்து நாளே அதிகம். போனவற்றின் இடத்தை நிரப்ப, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றுக்குள்ளே இருக்கும் மஜ்ஜையில் இரவு பகலாக வேலை நடக்கிறது.

அந்த மஜ்ஜையில் ‘ஸ்டெம் செல்’ என்ற செல்கள் கொஞ்சமே கொஞ்சம் இருக்கின்றன. வீட்டில் அம்மா எல்லாத் தயிரையும் பரிமாறிவிட மாட்டார். ஒரு கரண்டி எடுத்து வைத்து, அதை மறுநாள் பாலுக்கு உறை ஊற்றுவார். ஸ்டெம் செல்லும் அப்படித்தான். தன்னைப்போல ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டே, சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் மூலமாக இருக்கிறது. கனடாவின் டொரன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் 1961ல் எலிகளை வைத்து இதற்குச் சான்று காட்டினார்கள். மஜ்ஜை செயலிழந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசி மூலம் செலுத்தினார்கள். பத்து நாளில் அவற்றின் மண்ணீரலில் சின்னச் சின்ன முண்டுகள் தோன்றின. ஒவ்வொரு முண்டும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகி வந்தது!

சரி, எந்த அணு எவ்வளவு வேண்டும் என்று மஜ்ஜைக்கு யார் சொல்வது?

சிவப்பணுவுக்கு உத்தரவு போடுவது சிறுநீரகம்! ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது உடனே கண்டுபிடித்துவிடும். ‘எரித்ரோபொய்ட்டின்’ என்ற பொருளை ரத்தத்தில் கலந்து அனுப்பும். மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறக் காத்திருக்கும் இளம் செல்களின் மேல்தோலில், அந்தப் பொருள் மட்டும் பொருந்தும் இடங்கள் உண்டு. வாசலில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எரித்ரோபொய்ட்டின் வந்து பொத்தானை அழுத்தும். அது வீட்டுக்குள் நுழைவதில்லை. செய்தி மட்டும் ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறி, செல்லின் நடுவே இருக்கும் உட்கருவுக்குப் போகும். “பெருகு!” போதுமான சிவப்பணுக்கள் வந்ததும் சிறுநீரகம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். மணியும் ஓயும். ஓய்வதுதான் இதில் முக்கியம்.

பொத்தான் சிக்கிக்கொண்டு மணி அடித்துக்கொண்டே இருந்தால்? யாரும் அழுத்தாமலே செல் பெருகும். பயனற்ற செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகும். ரத்தப் புற்றுநோய் என்கிறோமே, அது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கோளாறுதான்.

ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் அந்தச் சிக்கிய பொத்தானைத் தேடிப் பிடித்த கதை சுவையானது. நம் செல்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உண்டு என்று படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும் 1960ல், நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். மிச்சத் துண்டு எங்கே போயிற்று?

விடை சொன்னவர் சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ரவுலி. நான்கு மகன்களை வளர்த்துக்கொண்டு பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்தவர். குரோமோசோம் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொன்றாகக் கத்தரித்து வரிசைப்படுத்துவார். அம்மா காகித பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்! அந்த ‘விளையாட்டில்’தான் 1973ல் குட்டு உடைந்தது. 22ஆம் குரோமோசோமின் துண்டு 9ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. 9ன் துண்டு ஒன்றும் 22க்கு வந்திருந்தது பிறகு தெரிந்தது. இரண்டும் ஒட்டிய இடத்தில் உருவான புதுப் புரதம்தான் ஓயாத மணி.

மணியை நிறுத்துவது எப்படி? அந்தப் புரதம் வேலை செய்ய சக்தி வேண்டும். பேட்டரி போடும் இடத்தில் ஒரு கட்டையைச் செருகிவிட்டால்? ‘இமாட்டினிப்’ என்ற மாத்திரை ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. டாக்டர் பிரையன் டிரக்கரும் மற்றவர்களும் நடத்திய முதல் சோதனையில், போதிய அளவு மருந்து சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. முன்பெல்லாம் இந்த நோய் வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளே வாழ்ந்தார்கள். இப்போது மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஏராளம்.

இது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகை. குழந்தைகளுக்கு அதிகம் வருவது வேறு. அதில் இளம் வெள்ளையணுக்கள் முதிராமலே பெருகிக்கொண்டு போகும். பல மருந்துகளைச் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் தர வேண்டும். நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள்.

என் வகுப்பிலும் ஒரு பையன் இருந்தான். நீண்ட விடுப்புக்குப் பிறகு தலையில் தொப்பியோடு வந்தான். பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் தயங்கினார்கள். “சார், ஒட்டிக்குமா?” என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். “ஒட்டாது, உட்காரு” என்று மட்டும் சொன்னேன். காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். இது கிருமியால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது அல்ல; அவனுடைய செல்லுக்குள்ளேயே ஏற்பட்ட பழுது. முடி கொட்டுவது நோயால் அல்ல, மருந்தால். வேகமாகப் பெருகும் செல்களை மருந்து தாக்கும்போது, முடியின் வேரில் உள்ள செல்களும் அடிபடுகின்றன. மருந்து நின்றதும் முடி திரும்ப வளரும்.

அவனுக்கும் வளர்ந்தது. முன்பு நேராக இருந்த முடி, இப்போது சுருட்டையாக! அதைத் தொட்டுப் பார்க்க வகுப்பே வரிசையில் நின்றது.