உங்களுக்குத் தெரியுமா? தோணியின் இடம் சரி, வாவியின் ஆழம் பிழை

திறந்த வானத்தின் கீழ், கைபேசியின் செய்மதி இடங்காட்டி தோணி நிற்குமிடத்தை ஏறத்தாழ 5 மீற்றர் பிழைக்குள் காட்டிவிடும். தவறுவது பெரும்பாலும் வரைபடம்தான். இலங்கையின் கிழக்குக் கரையில், மாங்கேணி தொடங்கித் தெற்கே மட்டக்களப்பு வரை வாவிகளின் தரை நிலையாக இருப்பதில்லை. வடகீழ்ப் பருவமழை வெள்ளத்தில் முகத்துவாரம் உடையும், அல்லது வெட்டப்படும்; பிறகு அலை மணலைக் குவித்து மீண்டும் அடைத்துவிடும். சென்ற ஆண்டு அளந்த ஓடை இவ்வாண்டு மணல்திட்டாகியிருக்கலாம். செய்மதிப் படத்தில் கரையின் எல்லை தெளிவாகத் தெரியும். கலங்கிய நீரின் ஆழமோ பிடிபடாது. அதைப் படகில் சென்று எதிரொலிமானி போன்ற கருவியால் அளக்க வேண்டும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியில் பல இடங்கள் இடுப்பளவு ஆழம்கூட இல்லாதவை. அங்கே வரைபடத்தில் அரை மீற்றர் பிழை இருந்தாலே வெளியிணைப்பு இயந்திரத்தின் விசிறி சேற்றில் சிக்கிவிடும்.