உறுமி கேட்ட காதுக்கு ஓர் ஐரிஷ் பைப்

பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தானுக்குக் காரில் போகிற நேரம் 'ஒம்மடான்' இசைத்தட்டின் முதல் பக்கத்துக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். 19 நிமிடம். பாட்டு மாறாது, பல்லவி திரும்பாது. நிதானமான ஒரு மெட்டு கிதாரில் தொடங்கி, குரல்களுக்குப் போய், குழலுக்குத் தாவி, கடைசியில் முரசுச் சத்தத்தில் கொண்டுபோய் விடுகிறது. இருபுறமும் செம்பனை வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்க இதைவிடப் பொருத்தமான இசையை நான் இதுவரை கேட்டதில்லை.

இதைச் செய்தவர் மைக் ஓல்ட்ஃபீல்ட், இங்கிலாந்துக்காரர், தாய் ஐரிஷ்காரர். 1973இல், இருபதே வயதில், 'டியூபுலர் பெல்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ரிச்சர்ட் பிரான்சனின் வெர்ஜின் நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டு அதுதான். பின்னாளில் பிரான்சன் விமானம் விட்ட பெயருக்கு முதல் காசைச் சம்பாதித்துக் கொடுத்தவர் இந்தக் கூச்ச சுபாவப் பையன் என்று சொன்னால் மிகையில்லை. 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படத்தில் வரும் அந்த மணிமணியான தொடக்க இசை நினைவிருக்கிறதா? அதுவும் அதிலிருந்து எடுத்ததே.

'ஒம்மடான்' 1975இல் வந்த மூன்றாவது இசைத்தட்டு. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்ஃபர்ட்ஷர் மலையடிவாரத்தில், தன் வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து, பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். ஒரு கட்டத்தில் நாடாவின் பூச்சு உதிர ஆரம்பித்தது. முதல் பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து பதிய வேண்டியதாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் தாயும் இறந்துபோனார். அந்த இசையில் ஒரு துக்கம் இருக்கிறது. ஆனால் அது ஓலமிடுவதில்லை.

அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்து ராக் இசைக்காரர்களுக்கு மூன்று நிமிடப் பாட்டு போதவில்லை. சிம்பொனியைப் போல நீளமாக, பல பகுதிகளாக, ஒரே கருவை வளர்த்துச் சொல்லப் பார்த்தார்கள். புரோகிரெசிவ் ராக் என்று அதற்குப் பெயர் வந்தது. அவர்களில் பலர் வித்தை காட்டுவதிலேயே களைத்துப் போனார்கள். கணக்கு இருக்கும், மெட்டு இருக்காது. ஓல்ட்ஃபீல்ட் தப்பித்ததற்குக் காரணம், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டுகளை அவர் மேல்பூச்சாக வைக்கவில்லை. கட்டடமே அதன் மேல்தான் நிற்கிறது. கிதார், பித்தளை வாத்தியம், தந்தி வாத்தியம் எல்லாம் அந்த மெட்டுக்கு ஊழியம் செய்கின்றன.

தமிழ்க் காதுக்கு இது எப்படி ஒட்டுகிறது? இந்த அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டுகள், அதாவது கெல்ட்டிக் மெட்டுகள், பெரும்பாலும் மூன்று வகைச் சுர வரிசைகளில் அமைந்தவை. நம் கணக்கில் அவை சங்கராபரணம், கரகரப்பிரியா, அரிகாம்போதி. ஐந்து சுர மெட்டுகளும் உண்டு: ஆண்டு முடிவில் உலகெங்கும் பாடும் ஸ்காட்லாந்துப் பாட்டு 'ஓல்ட் லாங் சைன்', மோகனத்தின் சுரங்களிலேயே நடக்கிறது. கமகம் கிடையாது, ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாசல்படி தெரிந்த வீடு. அதற்கும் மேல், சுருதி. இரண்டாம் பக்கத்தில் வருகிற இல்லியன் பைப், வாயால் ஊதாமல் அக்குளில் துருத்தியை அமுக்கி வாசிக்கிற ஐரிஷ் வாத்தியம். 'சீஃப்டன்ஸ்' குழுவின் பாடி மொலோனி வாசித்திருக்கிறார். மெட்டுக்குழல் பாட, பக்கத்துக் குழல்கள் ஒரே சுரத்தில் நிலைத்து நிற்கும். நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறவரின் வேலை அது. பழைய சின்னமேளத்தில் 'துத்தி' என்ற துருத்திச் சுருதியே இருந்தது. தோல் பையில் காற்றடைத்துச் சுருதி பிடிப்பது நமக்குப் புதிதல்ல, மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

முதல் பக்கத்தின் கடைசிப் பகுதிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. ஜபுலா என்ற தென்னாப்பிரிக்கக் குழுவின் முரசுகள் ஒரே கதியில் விடாமல் அடிக்க, குரல்கள் அடுக்கடுக்காக ஏற, அதன் மேல் கிதார் வீறிடுகிறது. தைப்பூசத்திலும் மாரியம்மன் திருவிழாவிலும் காவடிக்கு முன்னால் உறுமி மேளக்காரர்கள் கதி ஏற்றும் இடத்தைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் யாரும் மறக்க முடியாது. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து உறுமும்போது அடிவயிற்றில் ஒரு நடுக்கம் வருமே, அது எங்கிருந்து வருகிறது என்று ஓல்ட்ஃபீல்டுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கிதாரின் மேல் கிதாராகக் குவித்து மெட்டையே புதைத்துவிட்டார். பைப் வந்துதான் மீட்கிறது.

கெல்ட்டிக் மெட்டைத் தமிழ் மண்ணில் கையாண்டதற்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை குடும்பத்தோடு மணலியில் வாழ்ந்தார். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் அதே மணலிதான். அப்போது சென்னைக் கோட்டையில் கும்பினிப் படையின் பேண்டு வாத்தியம் வாசித்த ஆங்கில, ஐரிஷ், ஸ்காட்லாந்து மெட்டுகளைக் கேட்டு, தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுசுரம் என்று பெயர். 'சந்ததம் பாஹி மாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. எல்லாமே சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், நேர்ச்சுரங்களில். அவர் அவற்றைக் கர்நாடக சங்கீதமாக மாற்றிப் போலி செய்யவில்லை. வந்த மெட்டை வந்தபடியே உட்கார வைத்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று அதை நம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அயர்லாந்துக் கிராமத்து நடனத்தில் வாசிக்கிற பிடில், திருவையாற்றில் வாசிக்கிற வயலின், இரண்டும் ஒரே வாத்தியம். பிடிக்கும் விதம்தான் வேறு.

நம் காலத்தில் அந்த வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு ராக் மேடையில் நிற்பவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். பெங்களூர் 'அகம்' குழுவின் பாடகர். 2012இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', 2017இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என இசைத்தட்டுகள் வந்தன. தியாகராஜரின் 'பண்டுரீதி கோலு' என்ற ஹம்ஸநாதக் கீர்த்தனையை 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' ஆக்கிய விதத்தைக் கேளுங்கள். கிதார் இரைச்சலுக்கு நடுவிலும் ராகம் அப்பழுக்கில்லாமல் நிற்கிறது. கர்நாடகச் சார்பு சற்று அதிகம் என்பது என் குறை. தெருவின் தூசி அதில் குறைவு.

பேராக்கில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்துக்கும் பஞ்சமில்லை. பத்து காஜா அருகே ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தொடங்கி, 1926இல் இறந்துபோனதால் முடிக்காமல் விட்ட கெல்லி மாளிகை நிற்கிறது. அதைக் கட்ட மதராஸ் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்திலேயே அவர்களுக்கான மாரியம்மன் கோயில், கூரையில் துரையின் சிலையோடு. துரை பங்களாவும் தொழிலாளர் குடியிருந்த லயமும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் துரையின் பைப்பும் லயத்தின் உறுமியும் ஒரு பாட்டில் சந்திக்கவில்லை. ஓரளவுக்குச் சந்தித்தது பஞ்சாபிப் பிள்ளைகளிடம்தான்: கோலாலம்பூரின் ஸ்ரீ தஸ்மேஷ் சீக்கிய பைப் குழு 2019இல் கிளாஸ்கோ உலகப் போட்டியில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

மலாய் இசையில் எம். நாசிர் 1993இல் 'சங்குங் மெண்டோனான்' மூலம் நாட்டார் தாளத்தை ராக்கின் அடித்தளமாக்கிக் காட்டிவிட்டார். பினாங்கின் டேவிட், லோகா ஆறுமுகம் சகோதரர்கள் 'அலிகேட்ஸ்' குழுவாக மலாய் பாப்பில் பெரும்புகழ் பெற்றார்கள். தமிழில் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' இசைத்தட்டால் ராப்புக்கு வழி திறந்தார்கள். சந்தை அந்தப் பக்கமே போய்விட்டது. தோட்டத்து ஒப்பாரியையும் தாலாட்டையும் காவடிச் சிந்தையும் எடுத்து, உறுமியோடு, வயலினோடு, 20 நிமிடம் நிதானமாகக் கட்டிய ராக் படைப்பு இன்னும் என் காதுக்கு வரவில்லை.

அவ்வளவு நீளமான பாட்டை வானொலி போடாது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். 'டியூபுலர் பெல்ஸை'யும் பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 1973 மே மாதக் கடைசியில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் அதை பிபிசி வானொலியில் இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டார். ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.